சாம்பல் மன்னனின் நாலாவது காரணம்

போன வாரம் பிரம்மா தலையைக் குனிந்து வாங்கிக்கொண்ட பாராட்டு, இந்த வாரம் செரிக்காமல் நெஞ்சைக் கரித்துக்கொண்டிருந்தது.

பிரம்மா என்பது ஆபீஸில் வைத்த பெயர். அவர் அறைக் கதவில் ‘தலைமை உலகச் சிற்பி’ என்று பித்தளையில் பொறித்திருக்கும். கம்ப்யூட்டர் கேம் கம்பெனியில் கதை எழுதுகிறவருக்கு இப்படி ஒரு பட்டம். ஏழு ராஜ்யங்கள், மூன்று நிலாக்கள், நாற்பது வகை டிராகன்கள் எல்லாம் அவர் படைத்தவைதான். வீட்டில் பல்பு போனால் மாற்றுவதற்கு ஆள் கூப்பிடுவார் என்பது அவருடைய தங்கைக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

அந்தத் தங்கைக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. பெயர்ப் பலகை கிடையாது. ‘ஓட்டை மேடம்’ என்றால் எல்லாருக்கும் தெரியும். கதையில் எவன் எங்கே என்ன சொன்னான், முன்னால் சொன்னதற்கும் பின்னால் செய்வதற்கும் ஒட்டுகிறதா என்று பார்த்து, ஓட்டை இருந்தால் சொல்ல வேண்டும். வில்லன் விஷயத்தில் அவள் சொல்வதுதான் கடைசி வார்த்தை. முதலாளியம்மாவே அதைத் தாண்ட மாட்டாள்.

போன வாரக் கூட்டத்தில் அந்த முதலாளியம்மாதான் எல்லார் முன்னாலும் கேட்டாள்.

“சாம்பல் மன்னன் ஏன் கெட்டவனா ஆனான்னு நீங்க எழுதின குறிப்பைப் படிச்சேன். ஒரு இடத்துலகூடப் பிசகல. எப்படி எழுதினீங்க?”

பிரம்மா கண்ணை மூடித் திறந்து, “தவம்” என்றார்.

தவம் செய்தது வேறு ஆள். அவர்களுடைய அப்பா. ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு செய்தார்.

சாம்பல் மன்னனுக்குக் குரல் கொடுப்பவர் அப்பாதான். நாற்பது வருட டப்பிங் சர்வீஸ். முந்நூறு வில்லன்களுக்கு வாய் கொடுத்திருக்கிறார். ஒருவனுக்கும் முகம் கொடுத்ததில்லை. ஒவ்வொரு வசனத்துக்கும் பக்க ஓரத்தில் ‘ஏன்?’ என்று எழுதி, அதற்குக் கீழே பதிலையும் எழுதிவிட்டுத்தான் மைக் முன்னால் நிற்பார். அந்தப் பதில்களை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பார்த்த மகள், நன்றாயிருக்கிறதே என்று ஆபீஸ் ஃபைலில் டைப் அடித்து வைத்தாள். அதன் தலையில் அண்ணன் தன் பெயரை வைத்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. அப்பாவுக்கு இதுவரை விஷயம் தெரியாது.

இன்று கடைசி மூன்று காட்சிகள்.

காலையில் அப்பா குளியலறையில் தொண்டையைக் கனைத்த கனைப்பில் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. வெளியே வந்து மூன்று பென்சில்களைச் சீவி, சட்டைப் பையில் வரிசையாகச் செருகிக்கொண்டார்.

“பாப்பா, கடைசியில இந்த மன்னன் அழறான். ஏன்னு உங்க அண்ணன் எழுதியிருக்கான் பாரு. ‘பிரபஞ்சத்தின் தனிமையை உணர்ந்து கண்ணீர் உகுக்கிறான்.’ பிரபஞ்சத்தோட தனிமைக்கு எவன் அழுவான்? வயித்து வலின்னா அழுவான்.”

“அவன்கிட்டயே கேக்கறதுதானே?”

“கேட்டேன். ‘முரண்தான் ஆழம்ப்பா’ன்னான். நாலாம் அத்தியாயத்துல அம்மாவுக்காக ஊரைக் கொளுத்தறான். ஏழாம் அத்தியாயத்துல அம்மா இருக்கற ஊரையே கொளுத்தறான். இது ஆழமா? மறதி. முன்னாடி என்ன எழுதினோம்னு அவனுக்கே ஞாபகம் இல்ல.”

“நீங்க என்ன எழுதி வச்சிருக்கீங்க?”

அப்பா ஸ்கிரிப்டைப் புரட்டிக் காட்டினார். ஒன்பது அத்தியாயங்களிலும், எங்கெல்லாம் காரணம் இடறியதோ அங்கெல்லாம், அதே ஒரு வரி பென்சிலில் இருந்தது: ‘கூப்பிட மறந்துட்டாங்க.’

“தம்பியோட முடிசூட்டு விழாவுக்கு இவனைக் கூப்பிடல. வேணும்னு இல்ல, மறந்துட்டாங்க. வேணும்னே விட்டிருந்தா மன்னிச்சிருப்பான், நம்மளை நினைச்சாவது பார்த்தாங்களேன்னு. மறந்ததை மன்னிக்க முடியல. அம்மாவுக்காக, நாட்டுக்காக, கடவுளுக்காகன்னு வாயில வர்றதெல்லாம் சாக்கு. அவனே அதை நம்பறான். அடியில இதுதான் ஓடுது.”

டைப் அடித்தபோதே படித்த வரிதான். அவர் வாயால் கேட்டபோது அவளுக்கு மறுபடி உடம்பு சிலிர்த்தது. இருபது பேர் உட்கார்ந்து ஆறு மாதம் அடைக்கப் பார்த்த ஓட்டையை, மனுஷன் இரண்டே வார்த்தையில் அடைத்திருந்தார். அந்த அழுகை வசனத்தை அவள் மெதுவாகத் தன் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

“நீ சொல்லாதே, தகரம்” என்றார் அப்பா, சிரித்துக்கொண்டே. “மன்னன் அழமாட்டான். ஊரே அழும்.”

வீட்டில் இது பழைய ஜோக். அவளும் சிரித்தாள். முப்பத்தெட்டு வயதாகிறது, அந்த ஜோக்குக்கு எங்கே சிரிக்க வேண்டும் என்பது முகத்துக்கே பழகிவிட்டிருந்தது.

பத்தரை மணிக்குப் பிரம்மாவின் அறையிலிருந்து அழைப்பு வந்தது.

மேஜை மேல் மூன்றடி உயரத்தில் சாம்பல் மன்னனின் பொம்மை நின்றது. அதற்குப் பின்னால் அண்ணன். இரண்டில் எது அதிகமாக மார்பை நிமிர்த்தியிருக்கிறது என்று சொல்வது கஷ்டம்.

“கதவைச் சாத்து. முதலாளியம்மா இன்னைக்கு அஞ்சு மணிக்கு அப்பாவைப் பார்க்கணுமாம். ‘இவ்வளவு நோக்கம் தெரிஞ்சு பேசற குரல் யாரோடது’ன்னு கேட்டாங்களாம்.”

“நல்ல விஷயம்தானே?”

“என்னடி நல்ல விஷயம்? அப்பா வாயைத் திறந்தா மொத வார்த்தையே ‘ஏன்’. ரெண்டாவது வார்த்தை பென்சில். அப்புறம் என் தவம் என்ன ஆகும்?”

தன் பொய்யையும் தவம் என்றே சொல்லும் அளவுக்கு மனுஷன் முன்னேறியிருந்தார்.

“அதுக்கு?”

“குரல் பொருந்தலன்னு நீ ஒரு ரிப்போர்ட் குடு. மூணு மணிக்கு முன்னாடி. புதுக் குரலை வச்சு முழுசாத் திரும்ப எடுத்துக்கலாம். ரெண்டு மாசம் தள்ளும், பரவாயில்ல.”

“அப்பா வாயை அடைக்க ரெண்டு மாசமா?”

“அப்படிப் பேசாதே. அவர் நல்லதுக்குத்தான். இந்த வயசுல மூணு மாடி ஏறி இறங்கறார். முட்டி என்னத்துக்கு ஆகும்? கம்பெனிக்கும் நல்லது, இளம் ரசிகர்களுக்கு இளம் குரல் வேணும். எல்லாத்துக்கும் மேல, கலைன்னு ஒண்ணு இருக்கு பாரு...”

“மூணு ஆச்சு” என்றாள்.

“என்ன மூணு?”

“ஒண்ணுமில்ல.”

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கும்போது அவள் முதல் நாளே சொல்வது இது: வில்லன் ஒரு காரணம் சொன்னால் நம்புங்கள். இரண்டு சொன்னால் யோசியுங்கள். மூன்று சொன்னால் உண்மையான காரணம் நாலாவதாக எங்கோ ஒளிந்திருக்கிறது. அதைத் தேடிப் பிடியுங்கள். அண்ணனுடைய நாலாவதைத் தேட வேண்டியிருக்கவில்லை. முதல் வரியிலேயே கொட்டிவிட்டார். வில்லனாகக்கூட லாயக்கில்லாத ஆள்.

“முடியாதுண்ணா.”

“டைப் அடிச்சது யாரு?”

அவள் பொம்மையின் பக்கம் பார்வையைத் திருப்பினாள்.

“ஃபைல்ல பார்த்தா உன் கம்ப்யூட்டர்தான் வரும். நான் கவுந்தா நீயும் என்கூடத்தான் கவுருவே.” குரலை இறக்கி, பாசத்துக்கு மாறினார். “தலைமைச் சரிபார்ப்பாளர் இடம் காலியா இருக்கு. ஜன்னல் வச்ச ரூம். கதவுல பித்தளை போர்டு. நான் சொன்னா நடக்கும்.”

தன் இடத்துக்கு வந்து ரிப்போர்ட் படிவத்தைத் திறந்தாள். பாத்திரத்தின் பெயர், காட்சி எண், சரிபார்த்தவர் என்று எல்லாக் கட்டங்களும் தானே நிரம்பிக்கொண்டன. ‘காரணம்’ என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அதை நிரப்பாமல் கம்ப்யூட்டர் மேலே போக விடாது. அந்த விதியைப் போடச் சொன்னதும் அவள்தான்.

அப்பாவுக்கு முட்டி வலிப்பது நிஜம் என்று நினைத்துக்கொண்டாள். அண்ணன் வேலை போனால் அண்ணி தெருவில் நிற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அந்த அண்ணியைப் பொதுக்குழாயில் தண்ணீர் பிடிக்கும் கோலத்தில்கூட அவளால் பார்க்க முடிந்தது. எப்படியும் இன்னும் ஒரு வருடத்தில் அப்பாவின் குரல் உடைந்துவிடும், இப்போதே நிறுத்துவது மரியாதை என்றும் நினைத்துக்கொண்டாள்.

மூன்று ஆகிவிட்டது. வகுப்பில் சொல்லிக்கொடுப்பவள், அத்தோடு எண்ணுவதை நிறுத்திக்கொண்டாள்.

விரல்கள் தாமாக இரண்டு வரி அடித்தன. யோசிக்கவே இல்லை, எங்கோ தயாராக வைத்திருந்ததை எடுத்துப் போட்டது போல் இருந்தது. படித்துக்கூடப் பார்க்காமல் அனுப்பினாள்.

மூன்று மணிக்கு அப்பா ஒலிப்பதிவுக் கூடத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார். இந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியரும் அவளும். அப்பாவிடம் நேரில் சொல்ல வேண்டியது அண்ணன். ஏழு ராஜ்யங்களைப் படைத்தவருக்கு ஒரு கிழவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. குனிந்து ஒளிந்துகொள்ள அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்.

அந்தக் கூடத்தில் கடைசி நேரத்தில் வசனம் மாறினால், அதை இளஞ்சிவப்புத் தாளில் அச்சடித்து மைக் ஸ்டாண்டில் செருகி வைப்பார்கள். பேசுகிறவர் அதைப் பார்த்துப் பேசிவிட்டுப் போவார். அண்ணன் தங்கையின் ரிப்போர்ட்டை எடுத்து, அந்த இளஞ்சிவப்புத் தாளில் அடித்து, ஸ்டாண்டில் செருகிவிட்டு, அவசர வேலையாக வெளியே போய்விட்டார். கிழவர் படிப்பார், புரிந்துகொள்வார், வீட்டுக்குப் போவார் என்று கணக்கு.

நாற்பது வருட சர்வீஸ் இளஞ்சிவப்புத் தாளை எப்படிப் பார்க்கும் என்பது அவர் கணக்கில் வரவில்லை.

அப்பா தாளைப் பார்த்தார். “ஓ, வசனம் மாறியிருக்கா” என்றார். மேல் இரண்டு வரியை மட்டும் பார்த்துவிட்டு, கண்ணை மூடி, மூச்சை உள்ளே இழுத்தார்.

அடுத்த நொடி சாம்பல் மன்னன் பேசினான்.

“இந்தக் குரல் ஆளுக்குப் பொருந்தவில்லை. இதை வைத்து ஒன்றும் பண்ண முடியாது!”

ஏழு நகரங்களை எரித்தவனின் குரல் அது. முதல் வரியில் இடி. இரண்டாவதில், தன்னைத் தானே தூக்கி எறிகிறவனின் கசப்பு. கட்டுப்பாட்டு அறையில் ஸ்பீக்கர் வலை நடுங்கியது. சவுண்ட் இன்ஜினியர் பரவசத்தில், உள்ளே இருப்பவர் காதில் விழும்படி பேசுகிற பொத்தானை அமுக்கி, “ஐயா, பிரமாதம்! டேக் ஓகே!” என்று கத்தினார். எதற்கு ஓகே சொன்னோம் என்பது அவருக்குத் தெரியாது.

அவளுக்குத் தெரிந்தது. அதுவும் இப்போதுதான் தெரிந்தது.

இந்த இரண்டு வரியையும் இதே குரலில் அவள் முன்பே கேட்டிருக்கிறாள். பத்தொன்பது வயதில். இதே மாதிரி ஒரு கண்ணாடி அறையில் அவள் அந்தப் பக்கம் நின்றாள். ஒரு மாதம் வீட்டில் யாருக்கும் தெரியாமல் பயிற்சி செய்துவிட்டு, குரல் தேர்வுக்கு வந்திருந்தாள். இந்தப் பக்கம் அப்பாவும் ஆறேழு பேரும். அவள் பேசி முடித்ததும் அப்பா திரும்பி அவர்களிடம் சொன்னார்: “இந்தக் குரல் ஆளுக்குப் பொருந்தல. இதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது.” பொத்தானை அமுக்கியபடியே சொன்னார். எல்லாம் அவள் காதில் விழுந்தது. அன்றிலிருந்துதான் அவள் தகரம்.

“இருங்க, இன்னொரு டேக் போவோம்” என்றார் அப்பா. “ஏன்னு எழுதாமப் பேசிட்டேன்.”

பென்சிலை எடுத்து ஓரத்தில் ‘ஏன்?’ என்று எழுதினார். காரணம் கிடைக்குமா என்று தாளின் கீழ்ப் பக்கம் பார்த்தார். அங்கே பொடி எழுத்தில் இருந்தது: குரல் கலைஞர் மாற்றம். உடனடி. சரிபார்த்தவர். அதற்குக் கீழே மகளின் பெயர்.

பிறகு மேலே உள்ள இரண்டு வரியை மறுபடி படித்தார். இந்த முறை உதடு மட்டும் அசைந்தது. பென்சில் மறுபடி தாளைத் தொட்டது. ஏதோ அழுத்தி எழுதியது.

“பாப்பா” என்றார் மைக்கில். “உள்ளே வா.”

அவள் உள்ளே போனாள். பஞ்சு வைத்த கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

“எழுத்துப் பிசகாம எழுதியிருக்கே. இத்தனை வருஷமா மனப்பாடமா வச்சிருந்தியா?”

“எனக்கே தெரியலப்பா. சத்தியமா.”

“தெரியாது. நல்ல வில்லனுக்கு என்னைக்கும் தெரியாது. என்ன சாக்கு வச்சிருந்தே? என் முட்டியா?”

அவள் ஆமென்று தலையை அசைத்தாள்.

“அப்புறம்?”

“அண்ணி. அப்புறம் உங்க மரியாதை.”

“மூணு.” அப்பா சிரித்தார். வாய் மட்டும்தான் சிரித்தது. “உங்க அண்ணன் ஒன்பது அத்தியாயம் எழுதி ஒரு வில்லனைப் பண்ண முடியல. நான் ரெண்டே வரியில பண்ணியிருக்கேன். பத்தொன்பது வருஷம் ஊறப்போட்டு. ஒரு ஓட்டை சொல்லு பார்ப்போம்?”

“அப்பா, போதும்.”

“சொல்லேன், நீதானே ஓட்டை மேடம்? ஆரம்பத்துல விதைச்சது கடைசியில முளைக்குது. நம்பும்படியா இருக்கா இல்லையா?”

“இருக்குப்பா.”

“அன்னைக்கு நான் சொன்னது பொய்னு நினைச்சுக்காதே. உன் குரல் தகரம்தான். இப்பவும் தகரம்தான்.” கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். “ஆனா பொத்தான்லேர்ந்து விரலை எடுத்துட்டுச் சொல்லியிருக்கலாம். மறந்துட்டேன்.”

வேண்டுமென்றே செய்தேன் என்று சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“உங்க அண்ணனுக்கு என்ன அவசரம்? என்னை இன்னைக்கே தூக்கணும்னு?”

சொல்லிவிட்டாள். டைப் அடித்தது, மேலே பெயர் வந்தது, பாராட்டு, ‘தவம்’ எல்லாம். அப்பா ‘தவம்’ என்ற இடத்தில் மட்டும் ஒருமுறை கனைத்தார்.

பிறகு ஸ்கிரிப்டைச் சேர்த்துத் தட்டி ஒழுங்கு பண்ணி, இளஞ்சிவப்புத் தாளையும் கடைசிப் பக்கமாக அதன் அடியில் வைத்து, அவள் கையில் கொடுத்தார். அதன் மேல் ஒரு ரப்பரை வைத்தார்.

“இன்னைக்குக் கடைசி நாள், இனி அச்சான தாள் ஒண்ணுகூட வெளியே போகக் கூடாது. அஞ்சு மணிக்குள்ள எல்லாம் முதலாளியம்மா கைக்குப் போகணும். ரூல். அவங்க எண்ணிப் பார்த்துத்தான் அலமாரியில வைப்பாங்க. எண்ணும்போது ஓரத்துல இருக்கறதும் கண்ணுல படும்.”

“அப்பா...”

“இருநூத்துப் பன்னெண்டு பக்கம். அழிச்சுட்டுக் குடுத்தா உங்க அண்ணன் தவம் செஞ்சவன். அழிக்காமக் குடுத்தா நான் செஞ்சவன். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லமாட்டேன். அதுவும் சாக்குதான்.”

“நீங்களே மேல வந்து சொல்லுங்களேன். அவங்கதான் உங்களைக் கூப்பிட்டிருக்காங்களே.”

“அவங்க கூப்பிட்டது சாம்பல் மன்னனோட குரலை. அது நான் இல்லைன்னு இப்போதான் எழுத்துல வந்துச்சு.” மூன்று பென்சில்களையும் பையில் செருகிக்கொண்டு கதவைத் தள்ளினார். “எதைச் செஞ்சாலும் ஓரத்துல ஏன்னு எழுதிடு, தகரம். படிக்கிறவங்களுக்கு உதவும்.”

கண்ணாடி வழியே பார்த்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு அப்பா படி இறங்குவார் என்று நினைத்தாள். நிமிர்ந்து, பிடிக்காமல் இறங்கினார்.

மணி நாலு பத்து. மேஜையில் செல்போன் அதிர்ந்தது. அண்ணன். “போயிட்டாரா? ஒண்ணும் பிரச்சினை இல்லையே? சரி, ஸ்கிரிப்ட் எங்கே இருக்கு? அதுல பென்சில்... ஹலோ? ஹலோ?”

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஸ்கிரிப்ட் கனமாக இருந்தது. முதல் பக்கத்தைத் திறந்தாள். ‘கூப்பிட மறந்துட்டாங்க.’ ரப்பர் அதன் மேல் போய் நின்றது. நகரவில்லை. அங்கேயே வைத்துவிட்டு, கட்டைக் கவிழ்த்துக் கடைசித் தாளைப் பார்த்தாள். இளஞ்சிவப்பில், அவளுடைய இரண்டு வரிக்கு எதிரே, ‘ஏன்?’ என்ற கேள்விக்குக் கீழே அப்பா பதில் எழுதியிருந்தார்.

‘பத்தொன்பது வயசு.’

அண்ணனைக் காப்பாற்றுவதா, அப்பாவைக் காப்பாற்றுவதா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் ரப்பர் ஏற்கெனவே அந்த இரண்டு வார்த்தைகள் மேல் ஓடிக்கொண்டிருந்தது. வேகமாக, சுத்தமாக, ஒரு துகள் மிச்சமில்லாமல்.

தாளைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். கரி போயிருந்தது. அப்பா அழுத்தி எழுதியிருந்ததால் பள்ளம் அப்படியே இருந்தது. நன்றாகப் படிக்க முடிந்தது.

மணி நாலேகால். மீதி இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள் மேஜையில் இருந்தன. கையில் ரப்பர் சூடாக இருந்தது. மாடியில் யாரோ அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது.